வைக்கோலின் லிக்னினும் செம்மறியாட்டின் ஜீரணமும்

நெல் விளையும் நாட்டில் வைக்கோலுக்குக் குறைவில்லை. ஆயினும் கோடை வந்தால் ஆடு மாடுகளுக்குத் தீவனமில்லை என்ற முறையீடு ஊர்தோறும் எழுவதை நாம் காண்கிறோம். அறுவடை முடிந்த வயல்களில் தாளும் களையும் இருக்கும் வரையில் செம்மறியாடுகள் மேய்ந்து வயிற்றை நிரப்பிக் கொள்கின்றன. பங்குனிக்குப் பிறகு தரிசும் புறம்போக்கும் காய்ந்து விடுகின்றன. அப்பொழுது கொடுப்பதற்குப் போரில் வைக்கோல் இருக்கிறது. ஆனால் ஆடு அதனை விரும்பித் தின்பதில்லை. தின்றாலும் உடம்பு தேறுவதில்லை.

இக்குறையைப் போக்க, யூரியா முதலிய இரசாயனப் பொருள்களைக் கொண்டு வைக்கோலைப் பதப்படுத்தும் முறைகள் வந்துள்ளன. அவற்றைப் பற்றிப் பேசும்பொழுது, "பதப்படுத்தினால் வைக்கோலிலுள்ள லிக்னின் அழிந்து போகிறது, அதனையும் ஆடு ஜீரணித்துக் கொள்கிறது, பிறகு புண்ணாக்கும் பசுந்தழையும் எதற்கு?" என்று சிலர் கூறுவதுண்டு. இதனை நம்பிப் புண்ணாக்கை நிறுத்தும் குடியானவர், கோடை முடிவில் வளராத குட்டிகளையும் மெலிந்த தாயாடுகளையுமே காண்பார். பதப்படுத்துவதனால் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. அந்நன்மை லிக்னின் தன் பிடியைத் தளர்த்துவதால் விளைகிறதேயன்றி, லிக்னின் உணவாக மாறுவதால் விளைவதன்று. இவ்வுண்மையை அறிந்தவர், பதப்படுத்திய வைக்கோலிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதைத் தாமே கணக்கிட்டுக் கொள்வார். ஆகவே, வைக்கோல் ஆட்டின் வாயில் நுழைவது முதல் புழுக்கையாக வெளியேறும் வரையில் லிக்னின் அடையும் மாறுதல்களை இங்கு வரிசையாகப் பார்ப்போம்.

வைக்கோலின் அமைப்பு

நன்றாக உலர்ந்த நெல் வைக்கோலில் நூற்றுக்குச் சுமார் 35 பாகம் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் இருக்கிறது. அதனுடன் 20 முதல் 25 பாகம் வரை ஹெமிசெல்லுலோஸ் என்னும் மற்றொரு நார்ப்பொருள் உண்டு. இவ்விரண்டும் சர்க்கரை அணுக்கள் சங்கிலி போலக் கோக்கப்பட்டு உண்டானவை. மனிதரின் குடலுக்கு இவை பயன்படா. ஆடு மாடுகளுக்கோ இவையே முக்கிய உணவு. ஆகவே வைக்கோலில் பாதிக்கு மேல் உணவுப் பொருளே என்று கொள்ளலாம்.

அந்த உணவு பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பூட்டுகளுள் தலையாயது லிக்னின். 1813-ஆம் ஆண்டில் தே காந்தோல் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவர நூலறிஞர், கட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயரை அமைத்தார். மரத்துக்கு வலிவு தருவதும், நெற்பயிரின் தண்டைச் சாயாமல் நிறுத்துவதும் இப்பொருளே. காங்கிரீட் கட்டடத்தில் இரும்புக் கம்பிகளைச் சூழ்ந்து சிமெண்டு இறுகியிருப்பதைப் போல, செல்லுலோஸ் இழைகளைச் சூழ்ந்து லிக்னின் இறுகியிருக்கிறது. பயிர் முற்ற முற்ற இந்த இறுக்கம் மிகுகிறது. இளம்புல்லை ஆவலுடன் மேயும் ஆடு முற்றிய தாளை ஒதுக்குவதற்கு இதுவே முக்கிய காரணம்.

நெல் வைக்கோலில் லிக்னின் நூற்றுக்குச் சுமார் 5 முதல் 7 பாகமே உள்ளது. கோதுமை வைக்கோலில் இதனினும் அதிகம். ஆனால் நெல் வைக்கோலில் மணற்சத்தாகிய சிலிகா 10 முதல் 15 பாகம் வரை இருப்பதால், அதுவும் ஒரு தடையாகிறது. புரதச் சத்து 3 அல்லது 4 பாகத்துக்கு மேல் இராது. கடினமான பூட்டு, குறைந்த புரதம் ஆகிய இவ்விரண்டு குறைகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

லிக்னினுக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையே உள்ள தொடர்பு வெறும் ஒட்டுதல் அன்று. புல்லினப் பயிர்களில் பெரூலிக் அமிலம் என்னும் சிறு பொருள், இரு கை நீட்டி இருவரைப் பிடித்திருப்பவனைப் போல, ஒரு புறம் ஹெமிசெல்லுலோஸையும் மறுபுறம் லிக்னினையும் பற்றி நிற்கிறது. கூமாரிக் அமிலம் என்னும் மற்றொரு பொருளும் லிக்னினுடன் இணைந்திருக்கிறது. இப்பிணைப்புகளுள் எஸ்டர் பிணைப்பு என்பது ஒரு வகை. ஈதர் பிணைப்பு என்பது மற்றொரு வகை. எஸ்டர் பிணைப்பு காரத்துக்கு இளகிவிடும். ஈதர் பிணைப்பு எளிதில் இளகாது. பதப்படுத்தும் முறை அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டவை.

இரசாயனங்கள் செய்யும் வேலை

வைக்கோலைக் காரத்தால் பதப்படுத்தும் முயற்சி ஜெர்மனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிற்று. முதல் உலகப் போரின்போது அந்நாட்டில் தீவனம் அரிதாயிற்று. அச்சமயத்தில் எர்னஸ்ட் பெக்மன் என்னும் இரசாயன நூலறிஞர், வைக்கோலை 1.5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைத்துப் பின் நன்கு கழுவும் முறையை வகுத்தார். இம்முறை பிற்காலத்தில் நார்வே நாட்டில் நெடுங்காலம் கையாளப்பட்டது. நூற்றுக்கு 45 பாகமே ஜீரணமான வைக்கோல், இவ்வாறு பதப்படுத்திய பின் 65 பாகத்துக்கு மேல் ஜீரணமாயிற்று. ஆனால் கழுவுவதற்கு ஏராளமான நீர் வேண்டும். கழுவிய நீரோடு வைக்கோலின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கரைந்து போயிற்று. கரைந்த லிக்னினும் அத்துடன் சென்று ஆறுகளைக் கெடுத்தது.

1964-இல் கனடா நாட்டில் வில்சன், பிக்டன் என்னும் இருவர், குறைந்த அளவு கரைசலைத் தெளித்துக் கழுவாமலே கொடுக்கும் முறையை வெளியிட்டனர். இதில் கரைந்த லிக்னின் வைக்கோலிலேயே தங்கி ஆட்டின் வயிற்றுக்குள் செல்கிறது. காஸ்டிக் சோடாவின் சோடியமும் உடன் செல்வதால் ஆடு மிகுதியாக நீர் பருகுகிறது. அச்சோடியம் சிறுநீர் வழியாக நிலத்திலும் சேருகிறது. காஸ்டிக் சோடா கையையும் கண்ணையும் புண்ணாக்கும் பொருள். ஆதலின் கிராமங்களில் இம்முறையை நாம் பரிந்துரைப்பதற்கில்லை.

1970-களில் நார்வே விவசாயிகள், மூடிய போருக்குள் அம்மோனியாவைச் செலுத்தும் முறைக்கு மாறினர். அம்மோனியா காஸ்டிக் சோடாவை விட வலிவு குன்றிய காரமாயினும், புரதமாக மாறக்கூடிய நைட்ரஜன் சத்தை வைக்கோலில் விட்டுச் செல்வது அதன் சிறப்பு. நம் நாட்டில் யூரியாவைக் கொண்டு செய்யும் மூட்டமும் இதன் வழி வந்ததே. ஈரமான வைக்கோலில் தெளித்த யூரியா, அங்குள்ள நுண்ணுயிர்களின் நொதிப்பொருளால் சில நாட்களில் அம்மோனியாவாக மாறுகிறது. வெப்பமான நம் நாட்டில் இம்மாற்றம் விரைவில் நடைபெறும்.

1984-இல் அமெரிக்காவில் கூல்டு என்பவர், காரத்துடன் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துப் பதப்படுத்தியதில், கோதுமை வைக்கோலின் லிக்னினில் ஏறத்தாழப் பாதி கரைந்தது. அவ்வைக்கோலை மறு ஆண்டில் செம்மறியாடுகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, ஜீரணம் வியக்கத்தக்க அளவு உயர்ந்தது. செலவு மிகுதியால் அது குடியானவரின் முறையாக ஆகவில்லை. எனினும் லிக்னினின் பிடி தளர்ந்தால் வைக்கோலின் உணவுச் சத்து எவ்வளவு வெளிப்படும் என்பதை அது காட்டிற்று.

யூரியா மூட்டத்தில் இத்துணை லிக்னின் கரைவதில்லை. அம்மோனியா எஸ்டர் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுக்கிறது, நாரை ஊதிப் பருக்கச் செய்கிறது, வைக்கோல் மென்மையடைகிறது. லிக்னினின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கம்பியும் சிமெண்டும் இருக்கின்றன; ஆனால் சிமெண்டில் வெடிப்புகள் விழுந்துவிட்டன.

ஆட்டின் முதல் இரைப்பையில்

செம்மறியாட்டின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறை மிகப் பெரியது. அதுவே தீவனம் ஊறும் தொட்டி. அதில் ஒரு மில்லி லிட்டர் நீரில் ஆயிரங் கோடி அளவுக்குப் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றினும் பெரிய ஓரணு உயிர்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. நாரை ஆடு தானாக ஜீரணிப்பதில்லை. இந்நுண்ணுயிர்களே செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் நொதிக்கச் செய்து அசிட்டிக் அமிலம் முதலிய பொருள்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்களை ஆடு உறிஞ்சிக்கொண்டு உழைப்புக்கும் வளர்ச்சிக்கும் வேண்டிய சக்தியைப் பெறுகிறது.

பதப்படுத்தாத வைக்கோல் இத்தொட்டியில் விழுந்தால் நுண்ணுயிர்கள் வெட்டுவாயிலும் கீறலிலும் மட்டுமே ஒட்டிக்கொள்கின்றன. லிக்னின் மூடிய பரப்பில் அவற்றுக்கு இடமில்லை. பதப்படுத்திய வைக்கோலிலோ வெடிப்புகள் பல. ஆகவே நுண்ணுயிர்கள் உட்புகுந்து பல இடங்களில் ஒரே காலத்தில் வேலை செய்கின்றன. மேலும், முதல் இரைப்பையை விட்டுத் தீவனம் வெளியேற வேண்டுமானால், அது ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர் அளவுக்குப் பொடியாக வேண்டும். பதப்படுத்திய வைக்கோல் அசைபோடும்போது விரைவில் பொடியாகிறது. தொட்டி விரைவில் காலியாகிறது. ஆடு மேலும் தின்கிறது. ஆகவே பதப்படுத்துவதால் வரும் நன்மை, கூடுதலாக ஜீரணமாதல், கூடுதலாகத் தின்னுதல் என இரு வகைப்படும்.

இத்தனை நுண்ணுயிர்கள் இருந்தும் லிக்னினை ஏன் உணவாக்க முடியவில்லை? லிக்னினைத் துண்டு துண்டாக அறுத்து எரிப்பதற்குப் பிராணவாயு வேண்டும். மட்கும் மரத்தில் வளரும் வெண்ணிற அழுகல் காளான்கள் அவ்வேலையைச் செய்கின்றன; வைக்கோற் படுக்கையில் நாம் வளர்க்கும் சிப்பிக் காளானும் அவ்வகுப்பைச் சேர்ந்ததே. அவை காற்றோட்டமுள்ள இடத்தில் வாழ்பவை. ஆட்டின் முதல் இரைப்பையில் பிராணவாயு இல்லை என்றே சொல்லலாம்.

1975-இல் இங்கிலாந்தில் காலின் ஆர்பின் என்பவர், செம்மறியாட்டின் முதல் இரைப்பையில் பிராணவாயு இன்றியே வாழும் பூஞ்சணங்கள் இருப்பதைக் கண்டார். அவை கடினமான தண்டையும் துளைத்து வேரூன்றுகின்றன. லிக்னினில் சிறு பகுதியைப் பெயர்த்துக் கரைத்தும் விடுகின்றன. ஆயினும் அவையும் லிக்னினை உணவாகக் கொள்வதில்லை. அதன் பின்னாலுள்ள செல்லுலோஸையே நாடுகின்றன. பூட்டை உடைத்தவன் இரும்பைத் தின்பதில்லையே!

கரைந்த லிக்னின் போகும் வழி

இனி, காரத்தாலும் நுண்ணுயிர்களின் செயலாலும் பெயர்ந்த லிக்னின் துண்டுகளைப் பின்தொடர்வோம். அவை தனித்துக் கரைவதில்லை. ஹெமிசெல்லுலோஸின் சிறு துண்டுகளையும் உடன் சுமந்துகொண்டு முதல் இரைப்பையின் நீரில் கரைகின்றன. 1975-இல் ஆஸ்திரேலியாவில், காய்ந்த புல்லைத் தின்ற மாடுகளின் முதல் இரைப்பை நீரில் இத்தகைய கரைந்த கூட்டுப்பொருள் இருப்பது காட்டப்பட்டது. 1978-இல் வெளியான தொடர் ஆராய்ச்சி, அது பின்னர் என்னவாகிறது என்பதையும் விளக்கிற்று. செம்மறியாட்டின் வயிறும் அதே அமைப்புடையது.

முதல் இரைப்பையில் அமிலத்தன்மை மிகக் குறைவு. ஆகவே அங்கு லிக்னின் துண்டுகள் கரைந்து நிற்கின்றன. நான்காம் இரைப்பையோ நம் இரைப்பையைப் போன்று கடும் அமிலம் சுரக்கும் இடம். அங்கு வந்தவுடன் கரைந்த லிக்னின் மீண்டும் திரிந்து கட்டியாகிப் படிகிறது. பாலில் எலுமிச்சைச் சாறு பட்டால் திரிவதைப் போன்றது இது. காகித ஆலைகளில் வெளிவரும் கறுப்பு நீரில் அமிலத்தைச் சேர்த்தால் லிக்னின் படிவதும் இக்காரணத்தாலேயே. இவ்வாறு படிந்த லிக்னினின் பெரும்பகுதி குடல் வழியே சென்று புழுக்கையில் வந்து சேர்கிறது. அதன் உருவம் மாறியிருக்கிறது, இருக்குமிடம் மாறியிருக்கிறது, ஆட்டுக்கு அதனால் சக்தி கிட்டவில்லை.

ஒரு சிறு பகுதி மட்டும் வேறு வழியே செல்கிறது. பெரூலிக் அமிலமும் கூமாரிக் அமிலமும் விடுபட்டவுடன் நுண்ணுயிர்கள் அவற்றை மாற்றி விடுகின்றன; மாறிய பொருள் இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குச் செல்கிறது; அங்கு பென்சாயிக் அமிலமாகிப் பின்னர் ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. அதனைக் கட்டி வெளியேற்றக் கிளைசின் என்னும் அமினோ அமிலத்தை ஆடு செலவிட வேண்டியிருக்கிறது. எனவே, லிக்னினுடன் சேர்ந்த பொருள்களில் உண்மையாகவே உடலுக்குள் நுழையும் அச்சிறு பகுதியும் வரவைவிடச் செலவையே காட்டுகிறது.

கணக்கில் வரும் மயக்கம்

அப்படியானால், பதப்படுத்திய வைக்கோலில் "லிக்னின் ஜீரணமாயிற்று" என்று சில சோதனைக் கணக்குகள் காட்டுவது எவ்வாறு? அளக்கும் முறையில் அதற்கு விடை இருக்கிறது. தீவனத்தையோ புழுக்கையையோ 72 சதவீதக் கந்தக அமிலத்தில் இட்டு, கரையாமல் எஞ்சுவதிலிருந்து சாம்பலைக் கழித்து, மிகுதியை லிக்னின் என்று எடுப்பது வழக்கம். சிறு துண்டுகளாகிவிட்ட லிக்னின் அவ்வமிலத்தில் கரைந்துவிடலாம். அது கணக்கில் வராது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். உலர்ந்த வைக்கோல் 100 கிலோ. அதில் லிக்னின் 6 கிலோ என்று கொள்வோம். பதப்படுத்தாமல் கொடுத்தபோது 45 கிலோ ஜீரணமானால் 55 கிலோ புழுக்கையாக வரும். லிக்னின் 6 கிலோவும் அதிலேயே இருக்கும். அதாவது நூற்றுக்கு 11 பாகம். பதப்படுத்திக் கொடுத்தபோது 55 கிலோ ஜீரணமானால் புழுக்கை 45 கிலோ. லிக்னின் அதே 6 கிலோவானால் நூற்றுக்கு 13 பாகத்துக்கு மேல். ஆகவே வைக்கோல் நன்கு ஜீரணமாக ஆக, புழுக்கையில் லிக்னினின் செறிவு கூடவே வேண்டும். அந்த 6 கிலோவில் ஒரு கிலோ சிறு துண்டுகளாகி அளவைக்குத் தப்பிவிட்டால், ஐந்து கிலோவே கணக்கில் வரும். "லிக்னினில் ஆறில் ஒரு பங்கு ஜீரணமாயிற்று" என்று ஏட்டில் எழுதப்படும். ஆட்டுக்கோ அந்த ஒரு கிலோவால் எப்பயனும் இல்லை.

ஆட்டின் முதல் இரைப்பையில் நைலான் பையில் தீவனத்தை இட்டுத் தொங்கவிட்டுச் சோதிக்கும் முறையிலும் இம்மயக்கம் உண்டு. பையை விட்டுக் கரைந்து வெளியேறியதெல்லாம் ஜீரணமானதாகவே எண்ணப்படுகிறது. லிக்னின் பையை விட்டுச் செல்வது வேறு, ஆட்டுக்கு உணவாவது வேறு. விற்பனைக்காக வரும் துண்டுப் பிரசுரங்களில் "லிக்னின் ஜீரணம்" என்ற சொல்லைக் கண்டால், நம் விவசாயிகள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். ஆடு எவ்வளவு தின்றது, எடை எவ்வளவு கூடிற்று என்ற இரண்டுமே நமக்கு வேண்டிய அளவுகோல்கள்.

ஆடு வளர்ப்போர் அறிய வேண்டிய கணக்கு

25 கிலோ எடையுள்ள ஓர் ஆடு, எடை குறையாமல் இருப்பதற்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் ஜீரணமாகும் பொருள் வேண்டும். பதப்படுத்தாத வைக்கோலை மட்டும் 500 கிராம் தின்று, அதில் நூற்றுக்கு 45 பாகம் ஜீரணமானால் 225 கிராமே கிட்டும், ஆடு மெலியும். பதப்படுத்திய வைக்கோலை 600 கிராம் தின்று, 55 பாகம் ஜீரணமானால் 330 கிராம் கிட்டும். ஆடு தாக்குப் பிடிக்கும். தாக்குப் பிடிப்பதற்கும் வளர்வதற்கும் உள்ள இடைவெளியை வைக்கோலால் நிரப்ப முடியாது. சினையாட்டுக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், வளரும் குட்டிக்கும் அகத்தி, சூபாபுல், வேலிமசால் போன்ற தழைகளும் சிறிதளவு புண்ணாக்கும் கண்டிப்பாக வேண்டும். நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜனோடு கந்தகம் முதலிய தாதுக்களும் தேவையாதலின், தாது உப்புக் கலவையையும் சேர்க்க வேண்டும்.

யூரியா மூட்டத்தில் வைக்கோலின் புரத அளவு 3 அல்லது 4 பாகத்திலிருந்து 7 அல்லது 8 பாகமாக உயர்கிறது. இவ்வுயர்வு நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நைட்ரஜனால் வருவது. புண்ணாக்கின் புரதத்துக்கு முழு ஈடாகாது.

மூட்டம் போடும் முறை

நூறு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா போதும். அதனை 50 முதல் 65 லிட்டர் நீரில் முற்றிலும் கரைக்க வேண்டும். மேட்டுப் பாங்கான தரையில் பாலித்தீன் விரிப்பையோ சாணமிட்டு மெழுகிய களத்தையோ தயார் செய்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மீதும் கரைசலைப் பூவாளியால் சமமாகத் தெளித்து, நன்றாக மிதித்து அழுத்த வேண்டும். பின்பு காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் மண் அணைத்து, 21 நாட்கள் விட வேண்டும். காற்றுப் புகுந்தால் அம்மோனியா போய்விடும், பூஞ்சணமும் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த பகுதியை எருக்குழியில் போட வேண்டுமேயன்றி, ஆட்டுக்குக் கொடுக்கலாகாது.

திறக்கும்போது வைக்கோல் பழுப்பேறி மென்மையாக இருக்கும். காரமான நெடி வீசும். அன்றாடத் தேவைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, நெடி அடங்கும் வரை நிழலில் உதறிப் பரப்பி வைத்துப் பிறகு கொடுக்க வேண்டும். முதல் வாரத்தில் சாதாரண வைக்கோலுடன் கலந்து சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். அசைபோடும் பழக்கம் முழுமை பெறாத இளங்குட்டிகளுக்குக் கொடுக்கலாகாது.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூறுகிறோம். யூரியாவை நேராகத் தீவனத்தில் தூவுவதும், கரைசல் உள்ள வாளியை ஆடுகள் எட்டும் இடத்தில் வைப்பதும் உயிருக்கு ஆபத்து. யூரியா நஞ்சானால் ஆடு நடுங்கும்; வயிறு உப்பும்; வாயில் நுரை தள்ளும்; குறுகிய நேரத்தில் இறந்துவிடும். கரைசல் மிஞ்சினால் எருக்குழியில் ஊற்றி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து விட வேண்டும். ஆட்டுக்கு மேற்சொன்ன அறிகுறி தோன்றினால் தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

இருபது ஆடுகள் உள்ள ஒருவர், ஆட்டுக்கு 600 கிராம் வீதம் அறுபது நாள் கொடுப்பதாயின், 720 கிலோ வைக்கோல் வேண்டும். அதற்கு யூரியா சுமார் 29 கிலோ; அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவே. இதனைத் தம் கையிருப்புக்கும் வைக்கோல் விலைக்கும் ஏற்பக் கணக்கிட்டு முடிவு செய்து கொள்ளலாம். பசுமேய்ச்சல் கிட்டும் காலத்தில் மூட்டம் போடுவது வீண் செலவு; மேய்ச்சல் அற்ற மாதங்களுக்கே அது உரியது.

புழுக்கையும் நிலமும்

ஆட்டுக்குப் பயன்படாத லிக்னின் உலகுக்கே பயன்படாததன்று. இராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் தம் மந்தைகளைச் சோழ நாட்டு வயல்களுக்கு ஓட்டிவந்து கிடை அமர்த்துவது நெடுங்கால வழக்கம். அவ்வயல்களில் விழும் புழுக்கையில் லிக்னின் செறிந்திருக்கிறது. நிலத்தில் காற்றும் ஈரமும் காளான்களும் உள்ளன. ஆட்டின் வயிற்றில் நடவாதது மண்ணில் மெல்ல மெல்ல நடக்கிறது. லிக்னின் சிதைந்து மண்ணின் மட்குப் பொருளில் சேர்கிறது. மண் பொலபொலப்பாகி நீரைப் பிடித்து வைக்கிறது. வைக்கோலை வயலிலேயே தீயிட்டால் அதன் லிக்னினும் நைட்ரஜனும் புகையாகிப் போகின்றன. ஆட்டின் வழியாக அனுப்பினால் நார் இறைச்சியாகவும், லிக்னின் எருவாகவும் நமக்கு மிஞ்சுகின்றன.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இப்பணியில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் பெரிதும் உதவ முடியும். இப்பொழுது அறுவடை இயந்திரங்கள் விட்டுச் செல்லும் வைக்கோல் உருளைக் கட்டுகளாக வெளியூர்களுக்குச் சென்று விடுகிறது. ஊர்த் தேவைக்கு வேண்டியதைக் கோடைக்கு முன்னரே ஒதுக்கி வைப்பதற்கு, மேட்டுப் பாங்கான பொது இடம் ஒன்றை ஒதுக்கலாம். சிறு ஆட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே மூட்டம் போட ஏற்பாடு செய்யலாம். பாலித்தீன் விரிப்பையும் பூவாளியையும் பொதுவில் வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தலாம். யூரியா வைக்கும் இடத்தையும் கரைக்கும் இடத்தையும் ஆட்டுப் பட்டியிலிருந்து விலக்கி அமைப்பதைப் பஞ்சாயத்தே பொறுப்பேற்றுக் கண்காணிப்பது நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரிலேயே ஒரு சோதனையை நடத்திப் பார்ப்பது நல்லது. ஒரே வயதும் எடையும் உள்ள ஆடுகளில் பத்தைப் பிரித்துப் பதப்படுத்திய வைக்கோலும், வேறு பத்துக்குச் சாதாரண வைக்கோலும் கொடுக்கலாம். இரு சாராருக்கும் ஒரே அளவு தழையும் புண்ணாக்கும் கொடுக்க வேண்டும். தொடக்கத்திலும் முப்பது நாட்களுக்குப் பிறகும் கால்நடை உதவி மருத்துவரின் முன்னிலையில் எடை போட்டு, அவ்வெடைகளைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். எடை கூடியதற்கும் செலவு ஆனதற்கும் உள்ள கணக்கை ஊரார் அனைவரும் தம் கண்ணாலேயே காண்பர். துண்டுப் பிரசுரமும் சொற்பொழிவும் தராத நம்பிக்கையை அது தரும்.

லிக்னின் ஆட்டின் வயிற்றில் கரையும், படியும், உருமாறும், ஆனால் உணவாகாது. அதன் பிடியைத் தளர்த்தும் அளவுக்கே இரசாயனம் நமக்குத் துணை. அந்த அளவை அறிந்து, மூட்டத்தோடு தழையையும் புண்ணாக்கையும் சேர்த்துக் கொடுப்பவரின் மந்தை கோடையைக் கடந்து நிற்கும். வரும் அறுவடைக்குப் பின் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மூட்டமேனும் போட்டுப் பார்க்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களையும் விவசாயப் பெருமக்களையும் கேட்டுக் கொள்கிறோம்.